போனுக்குள் யாரை வரவிடுவது?



முன்பெல்லாம் ஒரு செய்தி நமது லயத்துக்கு வந்து சேர வழிகள் கொஞ்சம்தான் இருந்தன. பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை சொல்வார். தபால்காரர் கடிதம் கொண்டுவருவார். கோயில் கூட்டத்தில் தலைவர் பேசுவார். திருவிழா, சாவு என்றால் தப்பு அடித்துச் சொல்வார்கள். இரவில் வானொலி இருந்தது. அப்போது வந்ததெல்லாம் உண்மை என்று நாம் சொல்ல வரவில்லை. பொய்யும் வந்தது, புரளியும் வந்தது. ஆனால் சொன்னது யார் என்று தெரியும். "நேத்து அப்படி சொன்னீங்க, இன்னைக்கு வேற மாதிரி இருக்கே" என்று மறுநாள் பெரட்டிலேயே போய்க் கேட்க முடிந்தது.

இன்று ஒரு லயக் காம்பராவில் ஐந்து பேர் இருந்தால் இரண்டு போனாவது இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொவிட் நோயால் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகக் கூடாதே என்று நகையை அடகு வைத்து வாங்கிய போன்களும் அவற்றில் உண்டு. அந்தப் போனுக்குள்ளே இப்போது எத்தனையோ பேர் வந்து பேசுகிறார்கள். சம்பளம் கூடிவிட்டது என்கிறார்கள். வெளிநாட்டில் வேலை இருக்கிறது என்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து சொல்கிறார்கள். மலை சரியப்போகிறது என்று ஒருவர் சொல்ல, ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். இவர்களில் அநேகர் தாமாக வந்தவர்கள் அல்லர். நாம் விரலால் தட்டி உள்ளே அழைத்தவர்கள்.

பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் 'பொலோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. யூடியூப்பில் அதற்கு 'சப்ஸ்கிரைப்' என்று பெயர். எழுத்துத் தமிழில் பின்தொடர்தல் என்பார்கள். அதைத் தட்டினால், அந்த ஆள் எதைப் போட்டாலும் நமது போனுக்கு வரத் தொடங்கும். அவர் பதிந்து வைத்திருக்கும் இடத்துக்குக் கணக்கு என்று பெயர். தோட்டத்தில் கணக்கு என்றதும் நமக்குக் கடைக் கணக்குத்தான் ஞாபகம் வரும். பரவாயில்லை, அந்த ஞாபகமும் நல்லதே. கடைக் கணக்கைப் போலவே இதையும் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் என்ன ஏறியிருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டினால் மட்டும்தான் வரும் என்றில்லை. நாம் எந்தப் படத்தில் அதிக நேரம் நிற்கிறோம், எதைத் திரும்பப் பார்க்கிறோம், எதைப் பார்த்துக் கோபத்தில் கொமெண்ட் எழுதுகிறோம் என்பதை அந்தக் கம்பனிகளின் கணினிகள் கணக்கு வைக்கின்றன. சண்டைப் படத்தில் நின்றால் இன்னும் நாலு சண்டைப் படம் வரும். பேய்க் கதையில் நின்றால் பேய்தான். "எனக்கு இதெல்லாம் புடிக்காதுங்க, ஆனா இதுதான் வருது" என்று பலர் எங்களிடம் சொல்வதுண்டு. அந்தக் கணினிக்குப் பிடித்தது, பிடிக்காதது தெரியாது. நின்று பார்த்தாரா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியும்.

அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

யூடியூப்பில் ஒருவர் விளம்பரக் காசில் பங்கு பெறுவதற்கு, 1,000 பேர் அவரைப் பின்தொடர வேண்டும். 12 மாதத்துக்குள் அவரது காணொளிகளை மக்கள் 4,000 மணித்தியாலம் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு உண்டு. அதனால்தான் பேச்சின் தொடக்கத்திலேயே "சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டன அமத்துங்க" என்று கெஞ்சுகிறார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கணிதம் சொல்லிக் கொடுத்து நாலு காசு பெற்றால் பெறட்டும். ஆனால் நமது ஒரு தட்டு மற்றவனுக்குக் காசு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசுக்காக மட்டும் நடத்துகிறவனுக்கு உண்மையைவிட அதிர்ச்சியே வேகமாக விலைபோகும். அதனால்தான் "மலையக மக்களுக்கு அதிர்ச்சிச் செய்தி" என்று தலைப்புப் போட்டு, உள்ளே பழைய கதையைப் போடுகிறான்.

அப்படியானால் யாரை நம்புவது? நாங்கள் தோட்டக் கூட்டங்களில் சொல்லிவருவது ஒரே ஒரு கேள்வியைத்தான். ஒரு பக்கத்தைப் பின்தொடர முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இவர் சொன்னது பிழையாகப் போனால், நாம் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா, ஒரு காரியாலயம் இருக்கிறதா, ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால் வரவிடலாம். பெயரில்லை, ஊரில்லை, வெறும் பூப்படமோ சாமிப் படமோ மட்டும்தான் என்றால், அவர் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும் வாசலிலேயே நிற்கட்டும். எத்தனை இலட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பது இதற்குப் பதில் அல்ல. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீல நிற அடையாளமும் முழுப் பதில் அல்ல. 2023 முதல் அதை மாதக் காசு கட்டியும் பெறலாம் என்று பேஸ்புக் கம்பனியே வழி செய்துவிட்டது.

சம்பளச் செய்தியை எடுத்துப் பாருங்கள்

நமக்கு மிகவும் நெருக்கமான விடயம் இது. 2024 ஏப்ரல் கடைசியில், அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா, விசேட கொடுப்பனவு 350 ரூபா, ஆகமொத்தம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அடுத்த நாள் மே தினம். எல்லாப் பக்கங்களிலும் பட்டாசு. அந்தச் செய்தி பொய்யல்ல. வர்த்தமானி வந்தது உண்மைதான். ஆனால் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று புது வர்த்தமானி வந்தது. இதற்கிடையில் மே மாதத்துப் படத்தையே ஜூலையிலும் ஓகஸ்டிலும் சிலர் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, வரப்போகும் காசை நம்பி நகைக் கடையில் தவணைக்குப் பொருள் எடுத்த குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்ற தொகை சொல்லப்பட்டபோதும் இதே கதைதான். அதிலே அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபா. மீதி 200 ரூபா, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தருவதாகச் சொன்ன வருகைக் கொடுப்பனவு. "அடிப்படைச் சம்பளம் 1,750" என்று எழுதிய பக்கங்களை நாங்களே பார்த்தோம். எழுதியவருக்கு 200 ரூபாவின் கதை ஒரு வரி. நமக்கு அது பேர் கணக்கு.

ஆகவே சம்பள விடயத்தில் ஒரு பக்கத்தைப் பின்தொடரலாமா என்று பார்க்க இலகுவான வழி ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் கீழே போய், 2024 மே மாதத்தில் என்ன எழுதினார்கள், ஜூலையில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். தடை வந்ததையும் எழுதியிருந்தால் அவர்கள் செய்திக்காரர்கள். பட்டாசை மட்டும் வெடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

தொழிற்சங்கப் பக்கங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நமது சங்கத்தின் பக்கத்தைப் பின்தொடர்வது நியாயம்தான். சந்தா கொடுக்கிறோம், கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எமது அபிப்பிராயம் என்னவென்றால், எதிர்ச் சங்கத்தின் பக்கத்தையும் ஒன்று வைத்திருங்கள். ஒரு கூட்டத்தைப் பற்றி இருவரும் எழுதியதை வாசித்தால், அந்தக் கூட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது நடுவிலே எங்கேயோ தென்படும். தலைவர்மார் இதற்காக எங்களைக் கோபிக்கக் கூடாது.

மழைக் காலத்தில் யார் சொல்வதைக் கேட்பது?

இதை மற்றதையெல்லாம்விடக் கவனமாக வாசிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய எமன். அந்த நாட்களில் போன்களுக்கு வந்த படங்களில் வேறு நாட்டு வெள்ளமும் இருந்தது, பழைய மழையும் இருந்தது, கணினியால் உண்டாக்கிய படமும் இருந்தது. உண்மையான எச்சரிக்கை அந்தக் குவியலுக்குள் எங்கேயோ கிடந்தது. மழை தொடங்கிய பிறகு தேடினால் அது கிடைக்காது. வெயில் காலத்திலேயே அதைப் பின்தொடர்ந்து வைத்திருக்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மழையையும் காற்றையும் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். ஆட்களை அப்புறப்படுத்துவது, உதவி அனுப்புவது போன்ற காரியங்களை ஒன்றுசேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் தொலைபேசி இலக்கம் 117. இவை மூன்றின் பக்கங்களும் வீட்டிலுள்ள ஒரு போனிலாவது இருக்க வேண்டும். பக்கத்தைப் பின்தொடர்ந்த பிறகு, அதிலே அறிவித்தல் வரும்படி மணிப் பொத்தானையும் அமத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சினிமாப் பாட்டுக்கு அடியில் போய்விடும்.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று படியாக வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் போவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அதில் போட்டிருக்கும். அடுத்ததாக மிகவும் முக்கியமான ஒன்று: எச்சரிக்கையில் நமது தோட்டத்தின் பெயர் இருக்காது. பிரதேச செயலாளர் பிரிவின் பெயர்தான் இருக்கும். மீரியபெத்தை இருப்பது ஹல்துமுல்லை பிரிவில். தோட்டப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "நம்ம பேரு இல்ல, படுப்போம்" என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் பிரிவு எது என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு அதைப் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தமிழில் மட்டுமல்ல, சிங்கள எழுத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஏனென்றால் அறிவித்தல் சிங்களத்தில் முதலில் வந்து, தமிழில் பிந்தி வருவதுண்டு. அது குறைதான், அதைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பேச வேண்டும். ஆனால் அது திருந்தும்வரை மலை காத்திருக்காது. எழுத்தின் உருவம் கண்ணுக்குப் பழகிவிட்டால், சிங்களம் வாசிக்கத் தெரியாதவரும் பட்டியலில் நமது பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

புயலடித்த அந்த நாட்களில் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் போன இடங்கள் பல. போனை நம்பி மட்டும் இருக்கலாகாது. பெற்றறி போடும் ரேடியோ ஒன்று வைத்திருப்பவர்கள் அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதோடு, நிலத்தில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, மரமோ கம்பமோ சாய்ந்தாலோ, ஊற்று திடீரென்று கலங்கினாலோ வற்றினாலோ, எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லும் பக்கங்கள்

எங்கள் காரியாலயத்துக்கு அதிகமாக வரும் தலைவலி இதுதான். "மலையக இளைஞர் யுவதிகளுக்கு வெளிநாட்டில் வேலை, முற்பணம் இல்லை, உடனே வட்ஸ்அப் செய்யவும்" என்று ஒரு படம் வரும். கீழே நூறு பேர் 'விருப்பம்' என்று தங்கள் போன் இலக்கத்தையே எழுதியிருப்பார்கள். அந்த இலக்கங்களைத் திரட்டுவதற்கென்றே சில பக்கங்கள் நடக்கின்றன.

2022இல், சுற்றுலா விசாவில் நமது நாட்டுப் பெண்களை ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓமானுக்குக் கடத்தி விற்ற விடயம் வெளிவந்தது. அதற்குப் பின் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போன இளைஞர்களை, மியன்மாரின் மியாவடிப் பக்கம் உள்ள முகாம்களில் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். அவர்களில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இப்படியான பயணம் பல இடங்களில் போனில் பார்த்த ஒரு விளம்பரத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

வெளிநாட்டு வேலை என்றால் பின்தொடர வேண்டியது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பக்கத்தையே. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, முகவர் ஒருவருக்கு அந்தப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். விளம்பரம் போடுகிறவரிடம் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். அதைக் குறித்துக்கொண்டு 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உரிமம் செல்லுபடியாகிறதா, இந்த நாட்டில் இந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். நல்ல முகவர் இதற்குக் கோபிக்க மாட்டார். "நீங்க நம்பலன்னா விடுங்க அக்கா, வேற ஆளுக எத்தனையோ பேர் நிக்கிறாங்க" என்று அவசரப்படுத்துகிறவரைத்தான் விட வேண்டும். விசிட் விசாவில் போ, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

காசு இரட்டிப்பாகும் பக்கங்களுக்கும் இதே வழிதான். ஆளைச் சேர்த்தால் காசு என்ற பிரமிட் முறை நமது நாட்டில் சட்டவிரோதம். அப்படியானவை என்று கண்டுபிடிக்கப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி காலத்துக்குக் காலம் வெளியிடுகிறது. நாட்டுத் தலைவர்களும் பிரபல கிரிக்கெட் வீரர்களும் "இதில் காசு போடுங்கள்" என்று சொல்வதுபோல் போலிக் காணொளிகளும் வந்திருக்கின்றன. முகமும் குரலும் அவர்களுடையவை போலவே இருக்கும். பேசியது கணினி. அஸ்வெசும கொடுப்பனவுக்கு இங்கே தட்டுங்கள் என்று வரும் இணைப்புகளையும் தட்ட வேண்டாம். சந்தேகம் என்றால் 1924க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எந்த உத்தியோகத்தரும் கேட்கமாட்டார். கேட்டால் அவர் உத்தியோகத்தர் அல்லர்.

கோபமூட்டும் பக்கங்களும் மருந்து சொல்லும் பக்கங்களும்

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டுக்குள் மலடாக்கும் மாத்திரை போடுகிறார்கள் என்ற கதை பேஸ்புக்கில் பரவியது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது. ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் தடுத்து வைக்க வேண்டி வந்தது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் கம்பனி இதில் தனது தளத்துக்குப் பங்கு இருந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அது காணுமா என்பது வேறு கதை.

நமது மலைநாட்டில் டவுனுக்குப் போனால் மூவினத்தவரின் கடைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1977, 1983 கலவரங்களில் புரளி என்ன செய்யும் என்று நமது பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஒரு பக்கம் ஒரு சமயத்தவரை, ஓர் இனத்தவரை, ஒரு சாதியினரை எந்நாளும் ஏசிக்கொண்டே இருந்தால், அது தமிழில் இருந்தாலும், நமக்கு ஆதரவாகப் பேசுவதுபோல இருந்தாலும், அதை நிறுத்திவிடுங்கள். பதில் எழுதிச் சண்டை பிடிக்க வேண்டாம். சண்டை பிடித்தால் இன்னும் அதிகமாக வரும் என்று மேலே சொன்னோம் அல்லவா?

மருந்து விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொவிட் நோய்க்கு என்று ஒரு பாணி கொடுக்க, பெரும் சனக்கூட்டம் போய் வரிசையில் நின்றது. அதைக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் கொவிட் வந்தது. அழுத்தம், சீனி, வலிப்பு ஆகியவற்றுக்குக் குளிசை குடிப்பவர்கள் காணொளியைப் பார்த்துக் குளிசையை நிறுத்தக் கூடாது. சந்தேகமிருந்தால் கிளினிக்கில் டொக்டரிடம் நேரே கேளுங்கள். தடுப்பூசி, கர்ப்பவதிகளின் சாப்பாடு பற்றி அறிய சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் பக்கம் போதும். மிச்சத்துக்கு நமது மருத்துவிச்சி அம்மா இருக்கிறார். அவர் சொன்னது விளங்காவிட்டால் கதவைத் தட்டித் திரும்பக் கேட்கலாம். அந்த வசதி யூடியூப்பில் இல்லை.

பார்ப்பது எப்படி, நிறுத்துவது எப்படி

பேஸ்புக்கில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'எபவுட்' என்பதைத் தட்டி, அதற்குள் 'பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி' என்பதைப் பாருங்கள். பக்கம் என்றைக்குத் தொடங்கியது, முன்பு என்ன பெயர் இருந்தது, நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். "மலையக வேலைவாய்ப்பு" என்று பெயர் வைத்திருப்பவர் போன வருடம் நடிகையின் ரசிகர் பக்கம் நடத்தியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருந்தால், பழையது எது என்பதையும் இதை வைத்துப் பார்க்கலாம்.

நிறுத்துவதற்கு 'அன்பொலோ' போதும். இதிலே ஒரு சங்கடம் உண்டு. மச்சானோ சித்தப்பா மகனோ எந்நாளும் புரளி போடுகிறார் என்றால் என்ன செய்வது? நண்பர் பட்டியலிலிருந்து வெட்டினால் கல்யாண வீட்டில் கேள்வி வரும். பேஸ்புக்கில் நண்பராக வைத்துக்கொண்டே 'அன்பொலோ' மட்டும் செய்யலாம், அவருக்குச் சொல்லாது. முப்பது நாளைக்கு மட்டும் நிறுத்திவைக்கவும் ஒரு வழி இருக்கிறது. தேர்தல் காலத்துக்கு அது மிகவும் உகந்தது. டிக்டொக்கில் படத்தின்மேல் விரலை அமத்திப் பிடித்தால் 'நொட் இன்டரெஸ்டட்' என்று வரும். நாலைந்து நாள் விடாமல் செய்தால் வரத்து மாறுவது தெரியும்.

வட்ஸ்அப்பில், ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவர் நமது மாமாவாக இருக்கலாம். எழுதியவர் மாமா அல்ல. முகம் தெரியாதவர்கள் நம்மைக் குரூப்பில் சேர்க்காமலிருக்க, 'செட்டிங்ஸ்', 'பிரைவசி', 'குரூப்ஸ்' என்று போய் 'மை கொன்டக்ட்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இளம் பெண்களின் போன்களில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் நமது இலக்கம் தெரியும். 'செனல்' என்று வருவதைப் பின்தொடர்ந்தால் அதில் இருக்கும் மற்றவர்களுக்கு நமது இலக்கம் தெரியாது. ஆகவே செய்தி வாசிக்க மட்டும் என்றால் குரூப்பைவிடச் செனல் நல்லது.

பிள்ளைகள் விடயம். பேஸ்புக், டிக்டொக் இரண்டிலும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அந்தக் கம்பனிகளின் சட்டமே. 13 தாண்டிய பிள்ளையின் போனைப் பிடுங்குவதைவிட, "நீ யாரையெல்லாம் பாக்குற, எனக்கும் கொஞ்சம் காட்டு" என்று பக்கத்தில் உட்காருவது பலன் தரும் என்பது எமது அனுபவம். படம் அனுப்பச் சொல்லி, அனுப்பிய பிறகு மிரட்டுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த தடவை நம்மிடம் சொல்லாது. படத்தையும் செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். போலிக் கணக்கு, களவுபோன கணக்கு என்றால் 101.

இந்த ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவி முடிந்த பிறகு, வீட்டில் ஒரு போனை எடுத்து, பின்தொடரும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கேள்வியைப் போடுங்கள்: பிழை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? பதில் இல்லாததை நிறுத்துங்கள். பாட்டு, சமையல், கிரிக்கெட் போன்றவற்றை இந்தக் கேள்வியால் அளக்கத் தேவையில்லை. அவை இருந்துவிட்டுப் போகட்டும். மனுஷனுக்குச் சிரிப்பும் வேண்டும். கணிதத்துக்கு எந்த யூடியூப் பாடம் நல்லது என்று பாடசாலை ஆசிரியரைக் கேட்டு ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யத் தெரியாதவர்கள் போனை நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டுவரலாம். சம்பள நாளிலும் மறுநாளிலும் வர வேண்டாம். அன்று எங்களுக்கு நிமிர நேரமிருக்காது. கூடவே பிள்ளையைக் கூட்டிவந்தால் நல்லது, அடுத்த தடவை அதுவே செய்து தரும். போனின் பூட்டைத் திறக்கும் இலக்கத்தை மட்டும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீங்களே திறந்து கையில் தாருங்கள்.